போலிஷ் சினிமா போஸ்டர்: முதல் அச்சா, மறு அச்சா? பணம் கட்டுவதற்குமுன் எதைப் பார்ப்பது?

மழைத்துளி:

வணக்கம். போலந்தின் பழைய சினிமா போஸ்டர்கள் மூன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். விற்பவர்கள் மூவரும் போலந்திலேயே இருப்பவர்கள். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதலாவது விக்டர் குர்காவின் 'கபரே'. நான்கு கால்கள் ஸ்வஸ்திகாவாக வளைந்து, நடுவில் முகம் இருக்குமே, அதுதான். "1973, அசல்" என்று போட்டிருக்கிறார்கள். அளவு 67 × 97 செ.மீ. தாள் பளிச்சென்று இருக்கிறது, ஒரு மடிப்புகூட இல்லை.

இரண்டாவது யான் லெனிட்சாவுடையது, 1960களின் தொடக்கம், 58 × 83 செ.மீ. நான்காக மடித்தது. மடிப்புகள் சந்திக்கும் நடுப்புள்ளியில் 4 செ.மீ. கிழிசல். பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது.

மூன்றாவது ஃபிராஞ்சிஷெக் ஸ்தாரொவியெய்ஸ்கி. கையெழுத்துக்குப் பக்கத்தில் 1676 என்று ஆண்டு இருக்கிறது. இது அச்சுப் பிழையா, போலி என்பதற்கு அடையாளமா?

படங்களை மட்டும் வைத்து முதல் அச்சை எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பவரிடம் எந்தெந்தப் படங்களைக் கேட்க வேண்டும்? மடிப்பை இஸ்திரி போட்டு எடுக்கலாமா? பின்னால் துணி ஒட்டினால் மதிப்பு குறையுமா?

அச்சுமை:

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் பதில் எளிது. ஸ்தாரொவியெய்ஸ்கி தன் படைப்புகளில் 300 ஆண்டுகளைக் கழித்தே தேதி போடுவார். 17ஆம் நூற்றாண்டின் பரோக் காலத்து ஓவியர்களோடு தன்னைச் சேர்த்துப் பார்த்தவர் அவர். ஆகவே 1676 என்றால் 1976. பிழையும் இல்லை, போலி என்பதற்கு அடையாளமும் இல்லை. அதே நேரம் அசல் என்பதற்கு ஆதாரமும் இல்லை. அந்தத் தேதி ஓவியத்தின் ஒரு பகுதி, மறு அச்சிலும் அப்படியே வரும்.

'கபரே'யை விட்டுவிடுங்கள். 1973இல் வந்த அசல் ஏ1 அளவு, ஏறத்தாழ 58 × 82. பிற்பாடு வந்த மறு அச்சுகளில்தான் பி1 அளவு, நீங்கள் சொன்ன 67 × 97 அதுதான். அது கொண்டாடப்பட்ட போஸ்டர், பலமுறை திரும்ப அச்சாகியிருக்கிறது. சுவரில் மாட்ட மறு அச்சு போதும் என்றால் அதற்கான விலையைக் கொடுத்து வாங்குவதில் தவறே இல்லை. அசலின் விலையைக் கொடுக்காதீர்கள்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஏ1, பி1 இரண்டுக்கும் அகல-உயர விகிதம் ஒன்றுதான். ஏ1 போஸ்டரை ஸ்கேன் செய்து பி1ஆகப் பெரிதாக்கினால் எந்தப் பக்கமும் வெட்ட வேண்டியதில்லை. முழுப் படத்தைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. அளவு நாடாவைத் தாளின் இரண்டு விளிம்புகளிலும் வைத்து எடுத்த படம் கேளுங்கள். விளம்பரத்தில் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள், பலர் வேறு பட்டியலிலிருந்து பார்த்து எழுதுகிறார்கள்.

கணக்குப்படி ஏ1 59.4 × 84.1. ஆனால் ஓரம் வெட்டிய பிறகு கைக்கு வருவது அகலம் 57 முதல் 59 வரை, உயரம் 80 முதல் 84 வரை. பி1 என்பது 67-68 × 95-98. ஒன்றிரண்டு செ.மீ. குறைந்தால் பதற வேண்டாம். 1950, 60களின் சினிமா போஸ்டர்களில் பெரும்பாலானவை ஏ1. 80களில் பி1 நிறைய வருகிறது. 1940களின் கடைசியில் வந்தவற்றில் அளவு ஒரு நிலையாக இல்லை, அவற்றுக்கு இந்தச் சோதனை பயன்படாது.

அடுத்தது ஆண்டு. போஸ்டரின் ஆண்டு என்பது படம் போலந்தில் திரையிடப்பட்ட காலம், படம் எடுத்த ஆண்டு இல்லை. வெளிநாட்டுப் படங்களை அரசு நிறுவனம்தான் வாங்கி வெளியிட்டது, வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். 'சிட்டிசன் கேன்' 1941 படம், ஹென்ரிக் தொமாஷெவ்ஸ்கியின் போஸ்டர் 1948. 'சன்செட் பூலவார்ட்' 1950 படம், வால்டெமார் ஷ்வியெஷியின் போஸ்டர் 1957. ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' 1958, ரோமான் சியெஷ்லெவிச்சின் மண்டையோட்டுப் போஸ்டர் 1963. 'வெர்ட்டிகோ, 1958, போலிஷ் அசல்' என்று ஒருவர் விற்றால், கையில் இருக்கும் தாளைப் பார்க்காமலேயே எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில படங்கள் பல ஆண்டுகள் கழித்து மறுபடி திரைக்கு வந்தன, அப்போது வேறொரு ஓவியர் புதிதாக வரைந்தார். அந்தப் போஸ்டரும் அசல்தான், மறுவெளியீட்டின் அசல். போலிஷில் 'வ்ஸ்நோவியெனியே' என்ற சொல்லைப் படத்தின் மறுவெளியீட்டுக்கும் சொல்வார்கள், அச்சின் மறுபதிப்புக்கும் சொல்வார்கள். அந்தச் சொல்லை விளம்பரத்தில் பார்த்தால் எந்த அர்த்தத்தில் எழுதினார் என்று கேட்டே ஆக வேண்டும்.

விளம்பரங்களில் வரும் இன்னும் சில சொற்கள்: 'நாத்தார்ச்சே' ஓரக் கிழிசல். 'உபிடெக்' தாள் போன இடம். 'ஸாகியெஞ்சே' மடிப்பு அல்லது கசங்கல். 'போத்க்லெயோனி' பின்னால் ஏதோ ஒட்டியிருக்கிறது. 'ப்ஷிசியெந்தி' என்றால் ஓரம் வெட்டப்பட்டது. இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் தவறவிடாதீர்கள். வெட்டும்போது கீழ்விளிம்பின் பொடி எழுத்தும் சேர்ந்து போயிருந்தால் சோதிக்க வேண்டிய இடமே போய்விட்டது.

அந்தப் பொடி எழுத்தில் வெளியீட்டாளர் பெயர், அச்சகம், பிரதிகளின் எண்ணிக்கை, ஆர்டர் எண் என்று சில விவரங்கள் இருக்கும். எல்லாப் போஸ்டரிலும் எல்லாமும் இருக்காது. 50, 60களில் டபிள்யூ-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து அடிக்கடி வரும், அது அரசின் கலை-வரைகலை வெளியீட்டகம். வாடகைக்குப் படம் விடும் மத்திய நிறுவனம் சி-டபிள்யூ-எஃப். பின்னால் அந்த இடத்தில் இஸட்-ஆர்-எஃப் என்று வரும், 80களில் போல்ஃபில்ம். 1979 என்று சொல்லும் போஸ்டரில் சி-டபிள்யூ-எஃப் மட்டும் இருந்தாலோ, 1962 என்று சொல்வதில் போல்ஃபில்ம் இருந்தாலோ நின்று விசாரியுங்கள்.

போலந்தின் தேசியத் திரைப்பட ஆவணகம் 'காப்லா' என்ற பெயரில் சினிமாப் போஸ்டர்களின் இணையக் காட்சியகத்தை வைத்திருக்கிறது. ஓவியர், ஆண்டு இரண்டையும் அங்கே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தாளடுக்கு:

அச்சுமை சொன்னதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பொடி எழுத்தில் *என்ன* இருக்கிறது என்பது பாதி விஷயம்தான். அசலை ஸ்கேன் செய்தவன் பொடி எழுத்தையும் சேர்த்தே ஸ்கேன் செய்திருப்பான். பிரதி எண்ணிக்கை, அச்சகம் எல்லாம் அப்படியே வந்துவிடும். அது *எப்படி* அச்சாகியிருக்கிறது என்பதில்தான் ஆள் மாட்டுவார்.

10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும், நகைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அது. ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தின் வயிற்றைப் பாருங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து 'a'வின் வளையத்துக்குள் இருக்கும் வெள்ளை தெளிவாக இருக்கிறதா, மை அடைத்துக்கொண்டிருக்கிறதா? அசலில் எழுத்து ஒரே மையில், இடைவெளியில்லாமல், ஓரம் கத்தி வைத்தாற்போல இருக்கும். ஸ்கேனிலிருந்து நான்கு வண்ண முறையில் அச்சடித்ததில் எழுத்தே புள்ளிகளால் ஆனதாக இருக்கும். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூவிதழ்போல வட்டம் கட்டி நிற்கும். கறுப்பு எழுத்தின் ஓரத்தில் நீலமோ சிவப்போ மினுங்கும். இங்க்ஜெட்டில் ஒழுங்கே இருக்காது, மாவு தூவினாற்போல் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும்.

அடுத்து ஒரே நிறமாகத் தெரியும் பெரிய பரப்பு, உதாரணமாகச் சிவப்புப் பின்னணி. 50, 60களில் ஓவியர் குவாஷில் (ஒளிபுகாத நீர்வண்ணம்) தட்டையாகத் தீட்டியதையோ தாள் வெட்டி ஒட்டியதையோ அந்தந்த நிறத்துக்கென்று கலந்த மையில் அடிப்பார்கள். லென்ஸில் அந்தச் சிவப்பு முழுச் சிவப்பாக, புள்ளியே இல்லாமல் இருக்கும். தாளின் நார் மட்டும் தெரியும். அதே சிவப்பு மெஜந்தாப் புள்ளியும் மஞ்சள் புள்ளியுமாகப் பிரிந்தால் பிற்கால அச்சு.

இதைக் கண்மூடித்தனமாக எல்லாவற்றுக்கும் பொருத்தாதீர்கள். 70களின் பிற்பகுதி, 80களில் வியெஸ்வாவ் வவ்குஸ்கி, அன்ஜெய் பொங்கொவ்ஸ்கி போன்றோரின் ஓவியங்கள் அசலிலேயே நான்கு வண்ணத்தில் அச்சானவை. படத்துக்குள் புள்ளி இருப்பது அங்கே இயல்பு. 60களின் போஸ்டரிலும் புகைப்படம் ஒட்டிய இடத்தில் ஒரே நிறப் புள்ளிகள் இருக்கும், சியெஷ்லெவிச் அதைப் பெரிதாக்கிக் கலையாகவே செய்தார். எந்தக் காலமானாலும் தனியாக ஒரு மையில் அடித்திருக்க வேண்டிய இடம் எழுத்துதான், ஆகவே சோதனையை அங்கே செய்யுங்கள்.

புறஊதா விளக்கைப் பற்றியும் கேட்பார்கள். தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இருந்தால் நீல வெள்ளையாக ஒளிரும். 60களின் தொடக்கத்துப் போஸ்டர் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். ஒளிரவில்லை என்பதை வைத்து அசல் என்று முடிவுகட்டாதீர்கள், அந்த ரசாயனம் சேர்க்காத தாள் இன்றும் கிடைக்கிறது.

தாளின் பழுப்பை எல்லாரும் பார்ப்பார்கள், பழுப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் காலத்து மலிவுத் தாளில் மரக்கூழ் அதிகம், காற்றும் வெளிச்சமும் பட்ட இடத்தில் அமிலமாகிப் பழுக்கும். ஆகவே ஓரங்களில் அடர்த்தியாகவும், மடித்த தாளில் வெளியே தெரிந்த கட்டத்தில் மட்டும் கூடுதலாகவும் இருக்கும். நான்காக மடித்த போஸ்டரைப் பின்பக்கம் திருப்பினால் நான்கு கட்டங்களில் ஒன்றோ இரண்டோ மற்றவற்றைவிடக் கறுத்திருக்க வேண்டும். தேநீரில் நனைத்தது முன்னும் பின்னும் ஒரே சீராகப் பழுத்திருக்கும், மடிப்புக்கோட்டின் பள்ளத்தில் கறை தேங்கியிருக்கும்.

ஆகவே மூன்று படங்கள் கேளுங்கள். பொடி எழுத்தின் மிக நெருக்கமான படம், பின்பக்கம் முழுவதும், அளவு நாடாவோடு விளிம்புகள். பின்பக்கப் படம் தர மறுத்தால் அந்தப் போஸ்டரை விட்டுவிடுவதே நல்லது.

பசைக்கிண்ணம்:

லெனிட்சாவின் கிழிசலுக்கு வருகிறேன். மடிப்பைக் கண்டு தயங்காதீர்கள். திரையரங்குகளுக்கு அனுப்பும்போது மடித்தே அனுப்பியவை ஏராளம். 60களின் போஸ்டரில் நேர்த்தியான குறுக்கு மடிப்பு இருப்பது அதன் வாழ்க்கையோடு பொருந்துகிறது.

இஸ்திரி வேண்டவே வேண்டாம். மரக்கூழ்த் தாளில் சூடு பட்டால் இருக்கும் கொஞ்ச ஈரமும் போய் மடிப்புக்கோடு அப்பளம்போல உடையும். மையின் மினுமினுப்பும் பட்ட இடத்தில் மாறிவிடும், சாய்த்துப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டியின் தடம் தெரியும். அதைத் திருத்த வழியில்லை.

முதல் வேலை செல்லோடேப். உரிக்காதீர்கள். பழைய டேப்பின் பசை தாளுக்குள் இறங்கி அதை ஒளி ஊடுருவும்படி ஆக்கியிருக்கும், இழுத்தால் தாளின் மேல்தோல் கூடவே வரும். பசைக்கு ஏற்ற கரைப்பான் மையையும் கரைக்கக்கூடும். இந்த ஒன்றை மட்டும் காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள். வாங்கும் விலையில் அந்தச் செலவையும் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

டேப் போன பிறகு கிழிசலை ஒட்டுவது பொறுமை இருந்தால் வீட்டிலேயே ஆகும். ஆனால் முதலில் மை தண்ணீர் தாங்குமா என்று பாருங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஓரமாக ஒரு இடத்தில், ஈரப்பஞ்சு முனையை அரை நிமிடம் வைத்து, ஒற்றுத்தாளை அழுத்தி எடுங்கள். ஒற்றுத்தாளில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அச்சு மை பெரும்பாலும் தாங்கும். பின்பக்க முத்திரையும் பேனாக் குறிப்பும்தான் கசியும்.

பசை கோதுமை ஸ்டார்ச்சில்தான். மைதா அல்ல, புரதம் நீக்கிய ஸ்டார்ச் தூள். ஒரு பங்கு தூளுக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர். அரை மணி ஊறவிட்டு, மெல்லிய தீயில் கைவிடாமல் 20 முதல் 30 நிமிடம் கிளறுங்கள். வெள்ளையாக இருந்தது கண்ணாடிபோல் ஆகி, கரண்டியில் கனமாக ஒட்டும்போது இறக்குங்கள். ஆறியதும் மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை தேய்த்து வடிகட்டி, தேவையான அளவை எடுத்துத் தண்ணீர் சேர்த்துத் தயிர்ப் பதத்துக்கும் மோர்ப் பதத்துக்கும் இடையில் கொண்டுவாருங்கள். நான்கைந்து நாளில் புளிக்கும், புதிதாகக் காய்ச்சுங்கள்.

ஒட்டுவதற்கு ஜப்பானியக் கோசோ தாள், சதுர மீட்டருக்கு 6 முதல் 12 கிராம் எடை. கத்தரியால் வெட்டாதீர்கள். கோடு போட்டதுபோல் ஈரத்தூரிகையால் இழுத்து, அந்த ஈரக்கோட்டில் கையால் கிழியுங்கள், 5 முதல் 8 மி.மீ. அகலத்துக்கு. கிழித்த ஓரத்தில் நீளநீளமாக நார் நிற்கும். அந்த நார்தான் போஸ்டருக்குள் கரைந்து பிடிக்கிறது. வெட்டிய ஓரம் கூர்மையாக இருப்பதால் அந்தக் கோட்டிலேயே புதிய மடிப்பு விழும்.

போஸ்டரை முகம் கீழாக வைத்து, கிழிசலின் இரு உதடுகளையும் சரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழிந்த ஓரம் சாய்வாகக் கிழிந்து வெள்ளை தெரிந்தால் எது மேலே எது கீழே என்று பார்த்து அடுக்க வேண்டும், மாறி வைத்தால் முன்பக்கம் வெள்ளைக்கோடு தெரியும். பசையைக் கோசோ பட்டையின் மேல் தடவி, ஒற்றுத்தாளில் ஒரு கணம் வைத்து அதிகப்படியான ஈரத்தை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். இந்தக் கணத்தைத் தவறவிட்டால்தான் நீர்வளையம் விழும். ஈரம் தாளுக்குள் பரவி, போகும் வழியில் இருக்கும் பழுப்பையெல்லாம் தள்ளிக்கொண்டு போய், நின்ற இடத்தில் வட்டமாக விட்டுவிடும். ஒட்டிய இடத்தின் மேலும் கீழும் ஒட்டாத பாலியெஸ்டர் துணி, அதன்மேல் ஒற்றுத்தாள், அதன்மேல் கண்ணாடி, எடை. கால் மணியில் ஒற்றுத்தாளை மாற்றுங்கள், ஒரு மணியில் இன்னொரு தடவை, பிறகு மறுநாள்வரை தொடாதீர்கள்.

மடிப்பைத் தணிப்பது ஈரக்காற்றில். மூடிய தொட்டியின் அடியில் ஈரமான ஒற்றுத்தாள், நடுவில் வலை, வலைமேல் போஸ்டர். தண்ணீர் எங்கும் நேராகப் படக் கூடாது. ஒரு மணி நேரத்தில் தாள் துணிபோலத் தொய்யும். உடனே உலர்ந்த ஒற்றுத்தாள்களுக்கு இடையில் வைத்து முழுப்பரப்பிலும் சீரான எடை, இரண்டு வாரம். அவசரப்பட்டு மூன்றாம் நாள் எடுத்தால் ஓரம் உலர்ந்து நடு ஈரமாக இருக்கும், தாள் அலையலையாகிவிடும். கோடு முழுக்க மறையாது, மறைய வேண்டியதும் இல்லை.

துணி ஒட்டுவது பற்றி: தாள் நொறுங்கிப்போய்க் கையில் எடுக்க முடியாத நிலையில் இருந்தால் மட்டும். 4 செ.மீ. கிழிசலுக்கு அது தேவையற்ற பெரிய வேலை. ஒட்டினால் பின்பக்கம் மறைந்துவிடும். தாளடுக்கு சொன்ன கட்டங்களின் பழுப்பு, முத்திரை, எல்லா ஆதாரமும் துணிக்குக் கீழே. அப்படி ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் பின்பக்கத்தை முழுதும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ச் பசையில், துணிக்கும் போஸ்டருக்கும் நடுவில் அமிலமற்ற தாள் வைத்து ஒட்டச் சொல்லுங்கள், பின்னால் பிரிக்க முடியும். வெள்ளைப் பிளாஸ்டிக் பசையிலோ சூட்டில் ஒட்டும் படலத்திலோ ஒட்டியதைப் பிரிக்க முடியாது.

மழைத்துளி:

மிக்க நன்றி மூவருக்கும். 'கபரே' விற்பவர் "மறு அச்சாக இருக்கலாம்" என்று இப்போது சொல்கிறார், ஆகவே அது வேண்டாம். லெனிட்சாவின் பின்பக்கப் படம் வந்துவிட்டது. ஒரு கட்டம் மட்டும் தெளிவாகக் கறுத்திருக்கிறது, பொடி எழுத்தும் கூர்மையாக இருக்கிறது. போலந்திலிருந்து அனுப்ப அனுமதி ஏதும் வேண்டுமா? சுருட்டி அனுப்பச் சொல்லவா, மடித்தே அனுப்பச் சொல்லவா? ஃபிரேம் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

அச்சுமை:

அனுமதி: போலந்தின் 2003ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சின்னங்கள் சட்டத்தின்படி, அசல் போஸ்டர் 50 ஆண்டுகளைத் தாண்டியதாகவும், மதிப்பு 16,000 ஸ்லோட்டிக்கு மேலாகவும் இருந்தால் வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான். லெனிட்சா வயதைத் தாண்டிவிட்டது, 4 செ.மீ. கிழிசலோடு அந்த மதிப்பை எட்டுவது அரிது. ஆனாலும் ரசீதில் ஓவியர், ஆண்டு, விலை மூன்றையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்ட உதவும். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வழியில் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் வரும்.

அனுப்புவது: ஏற்கெனவே மடித்திருப்பதை மடித்தபடியே அனுப்பட்டும். ஏ1ஐ இரண்டு தடவை மடித்தால் ஏ3 அளவு. இரண்டு கெட்டியான அட்டைகளுக்கு நடுவில், அட்டை ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. பெரிதாக, இரண்டு அட்டைகளின் நெளிவுவரிகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி. ஒரே திசையில் வைத்தால் வரியோடு மடங்கிவிடும். நடுவில் கிழிந்த மடிப்பைப் பிரித்துச் சுருட்டினால் குழாய்க்குள் கிழிசல் நீளும். மடிக்காத போஸ்டருக்குத்தான் குழாய். உள்விட்டம் குறைந்தது 10 செ.மீ., நீளம் தாளைவிட 8 செ.மீ. கூடுதல், இரு முனையிலும் பஞ்சுத்தாள் அடைத்து.

தாளடுக்கு:

ஃபிரேமுக்கு: ஏ1க்கென்று விற்கும் ஆயத்த ஃபிரேமில் 58 × 83 தாள் சற்றுத் தளர்வாக நிற்கும், ஓரம் வழியாகப் பின்னட்டை தெரியும். 70 × 100 எடுத்து அமிலமற்ற மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி நிற்கும் அட்டைச் சட்டம்) வெட்டிப் போடுங்கள். போஸ்டரின் விளிம்பை மவுண்டுக்கு அடியில் மறைக்க வேண்டாம், பொடி எழுத்து உட்பட முழுத் தாளும் தெரிய வேண்டும். சுற்றிலும் அரை செ.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குப் பதில் புறஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக், 3 மி.மீ. தாளுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் 5, 6 மி.மீ. இடைவெளிப் பட்டை. மவுண்டின் தடிமன் மட்டும் இவ்வளவு பெரிய தாளுக்குப் போதாது. ஈரமான நாளில் தாள் புடைத்து அக்ரிலிக்கைத் தொடும், தொட்ட இடத்தில் மை ஒட்டிக்கொள்ளும்.

பின்னட்டையில் பிடிப்பது மேல்விளிம்பில் மட்டும், கோசோ தாள் கீல்கள் மூன்று, பசைக்கிண்ணம் சொன்ன அதே ஸ்டார்ச் பசையில். நாலு பக்கமும் ஒட்டினால் தாள் விரிய இடமில்லாமல் நடுவில் பொதுக்கும். வெளிச்சம் 50 லக்ஸ் அளவில், ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவர் கூடாது. மூன்று மாதம் மாட்டியிருந்தால் இறக்கி இருட்டில், அமிலமற்ற தாளுக்கு நடுவில், படுக்கைவாட்டில் வைத்துவிட்டு அடுத்ததை ஏற்றுங்கள். வெளிச்சம் செய்த சேதம் திரும்பாது, கூடிக்கொண்டேதான் போகும். அறையின் ஈரப்பதம் 35 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அந்த எல்லைக்குள்ளும் காலையில் 35, மாலையில் 55 என்று ஊசலாடுவதைவிட, 55இலேயே நிலையாக நிற்பது தாளுக்கு நல்லது.